ஒற்றைக் கட்டில் வார்டு

கண்ணாடி ஊசிக்குழல்கள் வெந்நீரில் கொதிக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் காலத்தில் எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. நர்ஸிங் படிக்கச் சேர்ந்த முதல் வாரம், காலை ஆறு மணி. மூலையில் அடுப்பின் மேல் ஒரு நீளப் பாத்திரம், அதற்குள் குழல்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுவென்று ஒரு சத்தம். கை நிறைய வளையல் போட்ட பெண்கள் எங்கோ தூரத்தில் சிரிப்பதுபோல இருக்கும். அது கேட்டதும் நாற்பது கட்டிலும் விழித்துக்கொள்ளும். எந்தக் கட்டிலிலிருந்து தொடங்கப்போகிறோம் என்று எல்லாக் கண்ணும் நம்மையே பார்க்கும். வீட்டில் ஏழாவது பெண்ணாகப் பிறந்தவள் நான். அதற்கு முன் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

உட்காருங்கள் அம்மா. மாடியைப் பிறகு பார்க்கலாம். சாவி எங்கும் போய்விடாது. தரகர் சொல்லியிருப்பாரே, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்களுக்குத்தான் நான் வாடகைக்குக் கொடுப்பேன். போன மாதம் புதிதாகக் கல்யாணம் ஆன இரண்டு பேர் வந்தார்கள். தங்கமான பிள்ளைகள். வயதானவர்கள் யாரும் கூட இல்லை என்றார்கள். அனுப்பிவிட்டேன். உங்கள் அப்பா ரிட்டையர் ஆகி இரண்டு மாதம் என்கிறீர்கள். அதோ கேட் பக்கத்தில் குனிந்து என் தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்க்கிறாரே, அவர்தானே? பஸ் ஓட்டினவரா? நல்ல தோள். வெயிலில் நிற்கிறார். நிற்கட்டும், நான் இங்கிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரிட்டையர்மெண்ட் என்றால் என்னவென்று என்னிடம் கேட்க வேண்டும். இந்த வீட்டில் இரண்டு நடந்திருக்கிறது. முதலில் என் வீட்டுக்காரருடையது. அருமைநாயகம் என்று பேர். மின்சார வாரியத்தில் லைன்மேன். முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறின மனிதர். கடைசி நாள் போட்ட மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு காதர் மைதீன் டீக்கடைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அவருக்கு ரிட்டையர்மெண்ட் ஒரு சாயங்காலத்தில் முடிந்துபோனது. டீக்கடையில் நாலு பேர், ஒரு பேப்பர், ஊர்வம்பு. யார் வீட்டில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, யார் வீட்டில் மின்விசிறி சுற்றவில்லை என்று கேட்டுக் கேட்டுப் போய்ச் சரி செய்து கொடுப்பார். காசு வாங்க மாட்டார். ஒரு கட்டு முருங்கைக்காயோடு, கையெல்லாம் கிரீஸோடு மத்தியானம் வந்து, கருவாட்டுக் குழம்பில் நாலு தரம் சோறு போட்டுக்கொள்வார். சாயங்காலம் விசிலடித்துக்கொண்டு சைக்கிள் துடைப்பார். இரண்டு வருஷத்தில் ஐந்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டார். பொய் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு வாழ்க்கையா, கௌரவமாக ஓரிடத்தில் உட்கார வேண்டாமா என்று எனக்கு இருக்கும். ஆனால் எனக்கு டூட்டி இருந்தது. கவனிக்க நேரமில்லை.

அப்புறம் நான் ரிட்டையர் ஆனேன். ஹெட் நர்ஸ். சால்வை போட்டார்கள், மிக்சர் கொடுத்தார்கள், என்னைப் போல் ஒருவர் வர மாட்டார் என்று பேசினார்கள். மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையைக் கட்டி, மார்பில் நர்ஸ் கடிகாரத்தைக் குத்திக்கொண்டு கேட் வரைக்கும் வந்துவிட்டேன். அவர் பல் விளக்கிக்கொண்டு நின்றவர், “ஏட்டி சொர்ணம், எங்க கிளம்பிட்ட?” என்றார். பால் வாங்கப் போகிறேன் என்றேன். அந்த உடையிலேயே போய்ப் பால் வாங்கி வந்தேன். பால்காரர் எழுந்து நின்று கொடுத்தார். என் வீட்டுக்காரர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. பாலை வாங்கிப் போய் அவரே காப்பி போட்டார்.

இரண்டு மாதம் அம்மா. தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. கை நடுங்கத் தொடங்கிவிட்டது, முப்பத்தாறு வருஷம் தலைமுடி கனத்தில் இருக்கிற நரம்பைத் தேடிப் பிடித்த கை. வாசலில் நின்று தெருவில் எத்தனை வீடு என்று எண்ணுவேன். வார்டில் தினமும் காலை கட்டில்களை எண்ணி நோட்டில் எழுத வேண்டும், எத்தனை கட்டில், எத்தனை பேர், எத்தனை காலி. எண்ணாமல் இருக்க முடியவில்லை. என் பிரஷரை நானே பார்த்தால் நூற்றெழுபதுக்கு நூறு. அவர்தான் பயந்துபோனார். என்னோடு வா, சும்மா வந்து உட்காரு என்று சைக்கிள் கேரியரில் வைத்து டீக்கடைக்கு அழைத்துப்போனார். காதர் மைதீன் எனக்கென்று ஒரு நாற்காலி துடைத்துப் போட்டார். அந்த மனிதர் எல்லா கிளாஸையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். அதனால் என்னென்ன வியாதி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸை வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் நான் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

அதற்கடுத்த வாரம்தான் கர்த்தர் கண் திறந்தார். மத்தியானம் நான் என் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கேயோ நாலு கிலோமீட்டர் மிதித்துவிட்டு, சட்டை நனைய உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, விளையாட்டாகக் கையை நீட்டினார்.

“எனக்கும் பாரேன் சிஸ்டர்.”

பார்த்தேன். நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு. அந்த நிமிஷம் என் கை நடுக்கம் நின்றது. நம்பமாட்டீர்கள், தண்ணீர்க் குழாயை மூடினது மாதிரி நின்றது. இத்தனை நாள் ஒரு நோயாளி என் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார், நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய குற்றம்!

ஒரு நீள நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் பேர், வயது, அனுமதித்த தேதி. உப்பை நிறுத்தினேன், கருவாட்டை நிறுத்தினேன், ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். என்ன மாத்திரை எழுதுவார்கள் என்று டாக்டர்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நீர் பிரிய ஒன்று. ஒரு நர்ஸிங் ஹோம் மூடினபோது அங்கிருந்த இரும்புக் கட்டிலை இந்த அறைக்குக் கொண்டுவந்தேன். கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும். அதோ, அதுதான். விரிப்பின் மூலையைப் பாருங்கள், தபால் உறை மடிக்கிற மாதிரி மடிக்க வேண்டும். ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது.

முதலில் அவருக்கு எல்லாம் வேடிக்கை. வார்டில் ஷிப்ட் மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று ஒப்படைக்க வேண்டும். யார், என்ன வியாதி, எத்தனை தரம் நீர் போனார், என்ன சாப்பிட்டார். அந்தப் பழக்கத்தை விட முடியுமா? காலை ஏழு மணிக்குக் கட்டில் கால்மாட்டில் நின்று நோட்டைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பேன். “முதல் கட்டில், அருமைநாயகம், வயது அறுபது” என்பேன். அவர் போர்வைக்குள்ளிருந்து, “உள்ளேன் டீச்சர்” என்பார். நானும் சிரித்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தோம் அம்மா. எனக்குத் தூக்கம் வந்தது. சோறு இறங்கியது. என் பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது. இன்றைக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது. எல்லாரும் ரிட்டையர் ஆனால் உடம்பு போகும், மனசு போகும் என்கிறார்கள். உபயோகமாக ஒரு வேலை இருந்தால் ஒன்றும் போகாது. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. எழுந்தால் கண் இருட்டுகிறது, கால் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். பார்த்தீர்களா, நல்லவேளை முன்னாடியே கண்டுபிடித்தேன். அவர் போக்கில் விட்டிருந்தால் சைக்கிளிலிருந்து லாரிக்கடியில் விழுந்திருப்பார். சைக்கிளைத் தொடக் கூடாது என்றேன். வீட்டில் நின்றால் ஆசை வரும் என்று, எங்கள் வேதக்கோவிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். காதர் மைதீன் காலை பத்து மணிக்கு வடைப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு என்பேன். ஜன்னல் வழியாக நின்று பேசத் தொடங்கினார். காற்று அடிக்கிறது என்று ஜன்னலை மூடிவிட்டேன். வடையைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணெய் பொட்டலத்துக்கு வெளியே வந்திருந்தது.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. நவநீதன் என்று ஒரு டாக்டர். என் வார்டில் பயிற்சிக்கு வந்த பையன். முதல் நாள் சீழ்க்கட்டியைக் கீறினபோது மயங்கி விழ, நான்தான் தண்ணீர் தெளித்தேன். அவர் என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் பார்த்தார். நூறுக்கு அறுபது. சின்னப் பிள்ளை பிரஷர் மாதிரி கொண்டுவந்து வைத்திருந்தேன். பாராட்டுவார் என்று நின்றேன்.

“சிஸ்டர், இது ரொம்பக் குறைவு. மாத்திரைய எல்லாம் நிறுத்திடுங்க. கொஞ்சம் உப்பு போட்டுக் கொடுங்க. நடக்க விடுங்க. அவருக்கு ஒண்ணும் இல்ல.”

ஒண்ணும் இல்லையாம். அறைக்கு வெளியே வந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விடு, சின்னப் பய” என்றார். என்னைத் தேற்றினார், பாருங்கள். நான் அரை மாத்திரை குறைத்தேன், டாக்டர் வார்த்தைக்காக. ஒரு வாரம் கழித்து மறுபடி முழுசாக்கினேன்.

அந்த மனிதர் ஓடிப்போவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலிலிருந்து வருகிறேன், கட்டில் காலி. விரிப்பை மூலை மடித்துவிட்டுப் போயிருந்தார், என்னை விட நன்றாக. உடன்குடிப் பக்கம் அவருடைய அக்கா, என் மதினி வீடு. பஸ் ஏறிப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் போகிற நோயாளிகளுக்கு ஒரு பதிவு உண்டு. தலைமறைவு என்று சிவப்பு மையில் எழுத வேண்டும். எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. பத்து நாள் அம்மா, காலை ஏழு மணிக்கு வந்து காலிக் கட்டில் முன்னால் நிற்பேன். வாசிக்க ஒன்றுமில்லை. என் பிரஷர் நூற்றெண்பதுக்கு ஏறிவிட்டது.

பதினோராம் நாள் போனேன். மதினி வீட்டுப் பம்புசெட் கூரையில் ஏணி சாத்தி மேலே நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, வாயில் ஒரு கம்பியைக் கடித்துக்கொண்டு, கீழே யாரிடமோ கேலி பேசிக்கொண்டு. முகம் ஊதியிருந்தது! கன்னம் இரண்டும் உப்பி, பளபளவென்று. உடம்பில் நீர் கோத்துவிட்டது என்று பார்த்ததும் தெரிந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று மதினியைக் கேட்டேன். பழைய சோறும் கருவாடும் என்றாள், வெட்கமில்லாமல்.

“பத்து நாளா ஒரு மாத்திரை போடல. தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. எந்தம்பி நல்லாத்தான இருக்கான்? நீ உன் வார்டுக்குப் போ சொர்ணம். அவன விட்டுரு.”

படிக்காதவள். அவளிடம் என்ன பேச? நான் நோட்டைத் திறந்து தேதி வாரியாகக் காட்டலாம் என்றுதான் எடுத்தேன். பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. விரல் அப்படி ஆடியது. நோட்டு கீழே விழுந்தது. நானும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். வேகமாகத்தான் இறங்கினார். நோட்டை எடுத்து மண்ணைத் தட்டினார். என் கையைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“உனக்கு நடுங்குது சொர்ணம்.”

மதினி வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தாள். அவர் முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், அவராகவே கையை என் மடியில் நீட்டினார். பார்த்துக்கோ என்றார். அப்போதாவது தன் உடம்பு நிலைமை அவருக்குப் புரிந்ததே என்று நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். கையைப் பிடித்ததும் என் நடுக்கம் போய்விட்டது.

அதற்கப்புறம் நல்ல நோயாளி. கொடுத்ததைச் சாப்பிடுவார், சொன்னபோது படுப்பார். உள்ளேன் டீச்சர் என்று மட்டும் சொல்வதில்லை. நீர் கோத்த முகம் ஒரு மாதத்தில் வற்றி எலும்பு தெரிந்தது. எனக்கு நிம்மதி. ஆனாலும் ஒரு வறட்டுப் பிடிவாதம் இருந்தது அவரிடம். பாத்ரூமுக்கு மட்டும் தானே நடந்து போவேன் என்பார். பெட்பேன் வைக்கிறேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறேன், எழுந்திருக்கிறார், கண் இருட்டியிருக்கிறது. நிலைப்படியில் விழுந்தார். இடுப்பெலும்பு.

ஆபரேஷன் செய்து கம்பி வைத்தால் ஒரு வாரத்தில் நிற்க வைக்கலாம், ஒரு மாதத்தில் கம்பு பிடித்து நடப்பார் என்றார்கள். நடந்து எங்கே போக? மறுபடியும் ஏணிக்கா? மஸ்கட்டிலிருந்து மகன் போனில் கேட்டான், ஆபரேஷன் பண்ணுங்களேன் அம்மா என்று. நீ பார்த்திருக்கிறாயா, ஆபரேஷன் மேஜையிலேயே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்றேன். அவரைக் கேட்டார்களா? கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். என் கையைத்தான் பார்த்தார். அவளுக்குத் தெரியும் என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மூன்று வருஷம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடம், வலம், மல்லாந்து. முதுகைத் துடைத்துப் பவுடர் போட வேண்டும். நான் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒரு சாவுக்குப் போகவில்லை. மதினி செத்ததற்குக்கூடப் போகவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. நோயாளிக்கு அதிர்ச்சி கூடாது.

ஒரே ஒரு தொந்தரவுதான் அவரால். இந்த மின்விசிறி. டக், டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் அண்ணாந்து படுத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பார். மேல் கப்பு தளர்ந்திருக்கு சொர்ணம், ஒரு திருப்பு போதும், யாரையாவது கூப்பிட்டு ஸ்டூலப் போட்டு ஏறச் சொல்லு, நான் கீழ இருந்தே சொல்லிக் கொடுக்கேன் என்பார். தினமும் சொல்வார். வேலை செய்ய வருகிறவன் ஊர்த் தூசியையெல்லாம் கொண்டுவந்து கட்டிலில் கொட்டுவான். நான் அனுமதிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். விரலால் கட்டில் கம்பியில் அதே தாளத்துக்குத் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோயில்பிள்ளை சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனால் மட்டும் விரல் நிற்கும்.

கடைசி வருஷம் ஒரு காலை. நான் ஏழு மணிக்கு வாசித்து முடித்து நோட்டை மூடுகிறேன். அவர் கண் திறந்து பார்த்தார். முன்பு வார்டில் நாற்பது கட்டிலும் பார்க்குமே, அதே பார்வை.

“சிஸ்டர், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

கேலி இல்லை அம்மா. அவருக்குக் கேலி போய்ப் பல நாள் ஆகியிருந்தது. என் பேரே மறந்துபோயிருக்கும் போல. எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்தது. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் எத்தனை பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவு மரியாதையாக ஒருவரும் கூப்பிட்டதில்லை. நாலு ஸ்பூன் கொடுத்தேன். அளவு குறித்துக்கொண்டேன்.

இப்போது மின்விசிறி சத்தம் போடவில்லை, கவனித்தீர்களா? அடக்கத்துக்கு வந்த காதர் மைதீன் இந்த அறையில் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு திருப்புத் திருப்பிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் தெருவில் பார்த்தால் பேசுவதில்லை. துக்கம் சிலருக்கு அப்படி.

அவர் போனபிறகு எனக்கு மறுபடி கை லேசாக ஆடுகிறது. இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, காலி வீட்டின் கோளாறு. அதனால்தான் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுவீர்கள். அப்பா மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம், முழங்கால் என்னவாகும்? இந்த அறை சும்மாதான் இருக்கிறது. விரிப்பை இன்றைக்குக் காலையில்கூட மாற்றியிருக்கிறேன். ஓயாமல் எதையாவது திருகிக்கொண்டே இருக்கிறார் என்று சிரிக்கிறீர்கள். அது நல்லதுக்கில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. உள்ளே கூப்பிடுங்கள். வெயிலில் இருந்து வரட்டும், அப்படியே பிரஷர் பார்த்துவிடலாம். ஒரு நிமிஷம்தான்.

என்ன கேட்டீர்கள்? எப்படிப் போனார் என்றா?

பிப்ரவரி பதினொன்று, காலை ஆறேகால். பிரஷர், காய்ச்சல், எல்லாம் அதற்கு முந்தின மணி வரைக்கும் நோட்டில் இருக்கிறது. கடைசியில் முப்பத்திரண்டு கிலோ இருந்தார். குளிப்பாட்ட வந்தவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு அவர்களாகவே சொன்னார்கள்: முதுகில் ஒரு புண்கூட இல்லை.